சிவப்பு தெரியாதவனுக்கும் சேர்த்து ஒரு பக்கம்

பரீதா அக்காவின் கணவர் அழைத்தபோது கந்தர்வக்கோட்டைப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். "தம்பி, பரீதா மௌத்தாயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்வளவுதான். அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க" என்றார். கீரனூர் பள்ளிவாசல் வாசலில் எங்கள் பழைய அலுவலகத்தார் பலர் நின்றிருந்தார்கள். "நல்ல பொம்பளை, என்ன, கொஞ்சம் பிடிவாதம்" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. அக்காவை அறிந்த உங்களுக்கு அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்தது ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். மென்பொருளைச் சோதித்தால் முடிவுகள் டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் ஓடும். தேறிய வரி பச்சை, தவறிய வரி சிவப்பு. வாடிக்கையாளர் அதை வெப் பக்கமாகக் கேட்டார். அப்படியே எடுத்து ஒட்டினால் நிறம் போய்விடும். நிறத்தைச் சொல்லும் குறியீடுகள் மட்டும் அடைப்புக்குறியும் எண்ணுமாகச் சிதறிக் கிடக்கும். அவற்றைப் படித்து, அதே நிறத்தில், வெப் பக்கத்துக்கான எச்.டி.எம்.எல். ஆக்கித் தரும் நிரலை எழுதியவர் பரீதா அக்கா.

முடித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாருக்குக்கா."

"எது எது தவறியிருக்கு, சொல்லுங்க."

ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஒங்களுக்குச் செவப்பு தெரியலையா?"

சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே மங்கலான பழுப்பு. வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொன்னதில்லை. தலையாட்டினேன்.

"ஒங்க கண்ணுல என்ன தப்பு? பக்கந்தான் தப்பு" என்று மறுபடி விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். மறுநாள் தவறிய ஒவ்வொரு வரிக்கு முன்னும் 'தவறியது' என்ற சொல் இருந்தது.

மேலாளருக்குப் பிடிக்கவில்லை. "பக்கமே அசிங்கமா இருக்கு. எடுத்துருங்க" என்றார். அக்கா எடுக்கவில்லை. மேலாளர் வேறோர் ஆளை வைத்து எடுத்தார். அக்கா திரும்பச் சேர்த்தார்.

"யாரோ ஒருத்தருக்காகவா இவ்வளவும்?"

"யாருன்னு சொல்ல மாட்டேன் சார். ஒருத்தருக்குன்னாலும் வேணும்."

அந்த வேலையிலிருந்தே அக்காவை மாற்றினார்கள், சொல்லும் போயிற்று. வாடிக்கையாளர் வந்த அன்று, யாரும் அழைக்காமலே அக்கா கூட்ட அறைக்குள் போனார். மேலாளர் அழகுபடுத்திய பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, வாடிக்கையாளர் முன் வைத்தார். நானும் அறையில் இருந்தேன்.

"எது தவறுனதுன்னு சொல்லுங்க சார்."

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "தெரியலையேம்மா."

"சிலருக்குத் தினமும் இப்படித்தான் தெரியுது."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வந்தவர் கையமர்த்தி, "எங்க ஆபீஸ்லயும் பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்பாங்க. எது தவறுனதுன்னு எழுதியே குடுங்க" என்றார்.

சொல் திரும்ப வந்தது. அக்காவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அது பற்றி வருத்தமாகக் கேட்டேன். "வரலைன்னா போகுது. நான் கேட்டது நின்னுச்சுல்ல" என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

இப்போது வேறிடத்தில் இருக்கிறேன். நேர்காணலிலேயே, எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, உங்கள் பக்கங்களை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும் என்று சொன்னேன். கெஞ்சவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இந்த வாய்தான். இதை மூடுவதாக இல்லை.