அட்டையில் இருப்பது அண்ணனின் நிறம் அல்ல

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் தங்கை எழுதுவது. இப்படிப்பட்ட கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்று பெரியப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறந்த ஊர், படிப்பு, வேலை, குணம், கடைசி நாள், நன்றி. யார் மனமும் புண்படக் கூடாதாம். முன்னால் சொன்னதையெல்லாம் எழுதிவிடுகிறேன். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் என்னால் உறுதி தர முடியாது.

அண்ணன் பிறந்தது மதுராந்தகத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது கல்பாக்கம் குடியிருப்பில். அப்பாவுக்கு அங்கே அலுவலக வேலை. அண்ணன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா தவறிவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து செங்கல்பட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அம்மா தையல் மெஷின் மிதித்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் நூல் வாங்கிவரும் வேலை அண்ணனுடையது. துணித் துண்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். கடைக்காரர் டியூப் லைட்டுக்கு அடியில் எடுத்துக் கொடுக்கும் நூலை நம்ப மாட்டார். நூலையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்குவார். "பொம்பள வேலையெல்லாம் பாத்துகினு கீறான்" என்று பெரியப்பா சிரிப்பார். அண்ணன் வாங்கிவந்த நூல் ஒருநாளும் திரும்பிப் போனதில்லை.

பாலிடெக்னிக் முடித்து, செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்து, பிறகு சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் அண்ணனை உலகத்தில் சிலருக்காவது தெரியும் என்றால் அது அந்த வேலையால் அல்ல.

அது என்னவென்று உங்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை யாருக்கும் இருந்ததில்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் என்று ஒன்று உண்டு. அதில் வரும் விமானத்தின் மேல்தோலை ஸ்கின் என்பார்கள். வெட்டிப் போட்ட, இன்னும் தைக்காத ஜாக்கெட் துணி மாதிரி அது தட்டையாகக் கிடக்கும். இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். அதன் மேல் நிறம், எண், சின்னம் எல்லாம் வரைந்தால் திரையில் அது விமானத்தின் மேல் போய்ப் போர்த்திக்கொள்ளும். அண்ணன் நம் நாட்டுப் பழைய போர் விமானங்களுக்கு ஸ்கின் செய்தார், நிஜத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே. நம் விமானச் சின்னத்தில் காவி வெளி வட்டம், பச்சை நடுவில். அதைத் தலைகீழாகப் போட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக எழுதித் திருத்துவார். செய்ததை இணையத்தில் எல்லோருக்கும் சும்மா கொடுத்தார்.

வீட்டில் இணையம் வருவதற்கு முன்னால் அவர் மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறிப் போவார். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சேகர் அண்ணன், பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், அவருடைய ஒரே நண்பர்.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரின்போது வெள்ளி நிறத்தில் இருந்த நம் விமானங்களுக்கு அவசர அவசரமாகப் பச்சை அடித்தார்களாம். அங்கங்கே கிடைத்த பெயிண்டை அடித்ததால் எல்லாப் பச்சையும் ஒரே பச்சை இல்லை. மிச்சமிருப்பது சாயம் மாறிப்போன சில புகைப்படங்கள். ஒருமுறை அப்படி மஞ்சளடித்த படம் ஒன்றை வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். "இதுல எப்படிண்ணா நிஜப் பச்சையைக் கண்டுபிடிப்ப?" என்று கேட்டேன்.

"பச்சையைப் பாக்கக் கூடாதுடி. படத்துல நமக்குத் தெரிஞ்ச கலர் ஏதாவது ஒண்ணு இருக்கும். சின்னத்துல இருக்கிற வெள்ளை, இல்லன்னா பக்கத்துல நிக்கிறவரோட காக்கி. அதைச் சரி பண்ணு. மத்தது தானா வரும்."

இதையெல்லாம் செய்யும்போது அவருக்குப் பசி தெரியாது. தையல் மெஷினிலிருந்து எழாமலே அம்மா குரல் கொடுப்பார், "சாப்ட்டியாடா?" பதில் வராது. மறுபடியும் கேட்பார். எங்கள் வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு ஸ்கின்னோடும் ஒரு குறிப்பு வைப்பார். அதன் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: தவறு இருந்தால் சொல்லுங்கள். வடக்கே எங்கோ இருந்த ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர், "பச்சை சரி. ஆனால் இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் நாங்கள் ஏறி இறங்கிப் பெயிண்ட் தேய்ந்திருக்கும்" என்று எழுதினார். அண்ணன் அந்த வாரம் முழுக்க முகம் தெரியாத அந்த மனிதர்களின் காலடியை வரைந்துகொண்டிருந்தார். நம் உறவில் நடந்த கல்யாணங்களில் அவரைக் கேட்ட கேள்வி வேறு. "இன்னாடா, இன்னும் பொம்மை பிளேனுக்குப் பெயிண்ட் அடிச்சிகினு கீறியா?" கேட்டது பெரியப்பா. சிரித்தது நீங்கள் எல்லோரும்.

இப்போது அந்தப் புகைப்படத்துக்கு வருகிறேன்.

அண்ணன் கருப்பு. மாநிறம் என்று நீங்கள் நாசூக்காகச் சொல்வதெல்லாம் இல்லை, நல்ல கருப்பு. பெண் பார்க்க ஆரம்பித்தபோது பெரியப்பா அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய், படம் எடுத்து, ஆளையே மாற்றி வாங்கிவந்தார். முகத்தை வெளுத்து, கோட்டும் டையும் ஒட்டி, பின்னால் நீலத் திரை போட்டிருந்தார்கள். அந்தப் படம்தான் மதுராந்தகத்தில் ஒரு பெண் வீட்டுக்குப் போனது. அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று அண்ணன்தான் கதவைத் திறந்தார். பெண்ணின் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "இவரு மாப்பிள்ளையோட தம்பியாம்மா?"

பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

அன்று அண்ணன் அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "சட்டை என்னுது இல்ல. கோட்டு என்னுது இல்ல. பின்னாடி இருக்கிற சுவரும் இல்ல. எதை வெச்சுடி இதைத் திருத்தறது?" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பெண் பார்க்கும் பேச்சையே எடுக்க விடவில்லை.

சென்ற ஆண்டு, சிறுசேரி அலுவலகத்தில் இருக்கும்போதே அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்துவிட்டது. நாங்கள் அவரை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாகிவிட்டது. கோட்டு, டை, நீலத் திரை, வெளுத்த முகம். அதே படம். மாமல்லபுரத்திலிருந்து அழுதுகொண்டே வந்த சேகர் அண்ணன் பேனரைப் பார்த்துத் திகைத்துப்போய் என்னிடம் கேட்டார், "இன்னாம்மா, யாரு பேனர் இது? எடம் மாறி கட்டிட்டானுங்களா?"

வாழ்க்கை முழுவதும் யாரோ அடித்த பச்சையைச் சரியாகக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அவருடைய சொந்த நிறத்தை மாற்றிவிட்டு அதற்கு மாலை போட்டீர்கள். சடங்கு முடிந்ததும் அதே படத்தைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினீர்கள். அம்மா தினமும் அதன் முன் விளக்கேற்றுகிறார். அப்பாவின் படத்தோடு வாய் ஓயாமல் பேசுகிறவர், இந்த ஒரு வருடமாக இந்தப் படத்தோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணன் போன செய்தி தெரிந்து வெளிநாடுகளிலிருந்தெல்லாம் கடிதங்கள் வந்தன. உடனே பொம்மை பிளேன் என்ற பேச்சு நின்றுவிட்டது. இந்த மலரின் முதல் பக்கத்தில் பெரியப்பா "உலகப் புகழ் பெற்ற எங்கள் செல்வம்" என்று எழுதியிருக்கிறார். உயிரோடு இருந்தபோது அந்தப் புகழில் ஒரு துளியை நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாறியிருக்கலாம்.

மலரின் அட்டைக்கும் அதே படம் என்று முடிவானபோது நான் சண்டை போட்டேன். "செத்தவனை நல்லா காட்டணும்டி. கருப்பா கீறதைப் போட்டா வரவன் இன்னா நெனப்பான்?" என்றார் பெரியப்பா.

"நல்லா காட்டுங்க பெரிப்பா. ஆனா அண்ணனைக் காட்டுங்க."

"உனக்குன்னு ஒரு பக்கம் குடுத்துக்கீதே, அதுல இன்னா வேணா போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பது சேகர் அண்ணன் கடற்கரையில் எடுத்த படம். அண்ணன் அம்மா தைத்துக் கொடுத்த பாக்கு நிறச் சட்டையில் இருக்கிறார். படம் பழசாகி நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் அந்தச் சட்டை எங்கள் பீரோவில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு அச்சகத்துக்குப் போனேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் பார்த்தவுடனே, "மூஞ்சி டல்லா கீதுக்கா, கொஞ்சம் பிரைட் ஏத்தட்டுமா?" என்றார்.

"முகத்தைத் தொடாதீங்க. படத்துல இருக்கிற சட்டையை மட்டும் இந்தச் சட்டை மாதிரி கொண்டுவாங்க."

ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். டியூப் லைட்டுக்கு அடியில் சரியாக இருந்தது போலத் தோன்றியது. நான் தாளையும் சட்டையையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். சரியில்லை. உள்ளே போனேன். அடுத்த தாளும் சரியில்லை. அந்தப் பிள்ளை சலித்துக்கொள்ளாமல் மறுபடியும் மறுபடியும் மாற்றினார். கடைசியில் வெயிலில் படத்துச் சட்டையும் கையிலிருந்த சட்டையும் ஒன்றான தாளில், யாரும் தொடாத அண்ணனின் முகம் தானாக வந்திருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிறுசேரியில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அலுவலக நண்பர்களுக்கு. வாரக்கணக்கில் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறு கொடுத்த பக்கத்து வீட்டாருக்கு. சேகர் அண்ணனுக்கு. அச்சகத்துப் பிள்ளைக்கு. பந்தலிலிருந்து பந்தி வரை முன்னால் நின்று பார்த்துக்கொண்ட பெரியப்பாவுக்கும் நன்றி. அதை நான் மறுக்கவில்லை. அட்டையை மட்டும் மன்னிக்கவில்லை.

அண்ணன் குறிப்பின் கடைசியில் எழுதுவது போல நானும் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எதிர்ப்பக்கத்துப் படத்தில் தவறு இல்லை. யாரும் சொல்ல வேண்டாம்.

அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மாதிரிப் பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் படத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டைக் காலரை விரலால் தொட்டார். பிறகு, பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்.

"சாப்ட்டியாடா?"

பதில் வராது என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக்கூட எங்கள் வீட்டில் அண்ணனின் முகம் இல்லாமல் செய்திருந்தீர்கள்.