முதல் தடவையே வேணும் என்று சொன்ன ஆர்டிஸ்

ஆர்டிஸ் ஹோவ்லண்டுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தோரு வருஷம் எங்கள் ஓல்ஸ்டட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மினசோட்டா பனியில் ஒரு நாள்கூட வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. ஆனால் "எனக்கு இது வேணும்" என்று அவள் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை. பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு மூத்தவள் என்பதால், இதை நான் உறுதியாகவே சொல்லலாம்.

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பிறந்தவர்களின் வியாதி அது. யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாம் தடவை, "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவைதான், "இவ்வளவு சொல்றீங்க, சின்னதா ஒண்ணு குடுங்க" என்று கை நீட்டலாம். கொடுப்பவரும் சளைக்காமல் மூன்று தடவை கேட்டாக வேண்டும். தட்டில் கடைசி கேக் துண்டை யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டுவோம், அந்தப் பாதியையும் பாதியாக வெட்டுவோம். முடிவில் நகக்கண் அளவில் ஒரு துணுக்கு மிஞ்சும். நகராட்சியில் குறிப்பெழுதுகிறவள் நான். மனித உரிமை, பன்மைத்தன்மை ஆலோசனைக் குழு கூடும் ஒவ்வொரு மாத முதல் செவ்வாயும் அந்தத் துணுக்கைத் தட்டோடு கழுவிக் கொட்டுவதும் நான்தான்.

அந்தக் குழுவில் ஏழு பேர். யாருக்கும் சம்பளம் இல்லை, அதிகாரமும் இல்லை. ஊரில் யாருக்கு எங்கே இடிக்கிறது என்று கேட்டு நகர்மன்றத்துக்கு யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற வருஷம் ஆர்டிஸ் அதற்கு விண்ணப்பம் போட்டாள். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கட்டத்தில், 'இந்த ஊர்க் குழந்தைகள் எல்லார் பெயரும் எனக்குத் தெரியும். அம்மாக்கள் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். அதை நான் இரண்டு தடவை படித்தேன். போட்டிக்கு வேறு ஆளும் இல்லை. இரண்டு வருஷத்தில் அவளைத் தலைவியாக்கிவிட்டார்கள். அதையும் மூன்றாம் தடவை கேட்டபோதுதான் ஒத்துக்கொண்டாள்.

சின்னச் சின்ன வேலைகளாக நிறைய செய்தாள். நூலகப் படியில் சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு வந்தது. ஜூலை நாலாம் தேதி ஊர் விருந்தில் ஹலால் இறைச்சிக்குத் தனி அடுப்பு வந்தது. வாரத்தில் பாதி நாள் யார் வீட்டுச் சமையலறையிலாவது உட்கார்ந்திருப்பாள். அப்படித்தான் கத்ரா பழக்கமானாள்.

கத்ரா சோமாலியாவிலிருந்து வந்தவள், வான்கோழி ஆலையில் வேலை பார்க்கிறாள். ஆர்டிஸை அவள் 'ஈடோ' என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் அத்தைக்கு அதுதான் சொல். கத்ராவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூவரும் பள்ளியில் நீச்சல் கற்று, கோடை முழுக்க ஏரியிலேயே கிடப்பார்கள்.

"நான் கரையில உக்காந்து தலைய எண்ணிக்கிட்டே இருப்பேன் ஈடோ," என்றாள் ஒரு நாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. திரும்பவும் ஒண்ணு, ரெண்டு, மூணு. என்னைக்காவது ஒரு தலை குறைஞ்சா நான் என்ன பண்ணுவேன்? கரையில நின்னு கத்தத்தான் முடியும். எனக்கு நீச்சல் தெரியணும். எங்க ஆளுங்கள்ல இன்னும் பதினெட்டு பேரு கேக்குறாங்க. ஆனா ஆம்பளைங்க பாக்க எறங்க முடியாது."

நகராட்சி நீச்சல்குளத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். கார் நிறுத்துகிறவன் எல்லாம் உள்ளே பார்க்கலாம். ஆர்டிஸ் பழைய பேருந்து நேர அட்டவணையைப் பார்க்கிறவள் மாதிரி குளத்தின் அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்து வரை ஓர் ஈ காக்காய் கிடையாது, ஊரே சர்ச்சில் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்குக் கொடுக்கலாம், கண்ணாடிக்குத் திரை போடலாம், காவலுக்கு ஒரு பெண்ணை நிறுத்தலாம். குழு ஏழு பேரும் கை தூக்கினார்கள். ஏப்ரலில் விஷயம் நகர்மன்றத்துக்குப் போனது.

மேயர் ரே டிசால்வோ நல்ல மனுஷன்தான். மனைவி இந்த ஊர்க்காரி, அவர் நியூ ஜெர்சிக்காரர். மடமடவென்று பேசுவார், மடமடவென்று முடிப்பார்.

"ஞாயித்துக்கிழமை ஒம்பது டு பத்து. திரை, பொம்பள காவலர். எனக்குச் சரியாத்தான் படுது," என்றார். "என்ன ஆர்டிஸ், வேணுமா?"

ஆர்டிஸ் எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அய்யோ, எங்களுக்காக இவ்வளவு சிரமமா? பரவால்ல, விடுங்க."

"சரி, விட்டாச்சு. அடுத்து, பனி அள்ளுற வண்டிக்கு டயர்."

இங்கேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தோம். ஆர்டிஸ் நின்றுகொண்டே இருந்தாள். டயர் விலை பற்றிப் பேச்சு ஆரம்பித்த பிறகுதான் மெல்ல உட்கார்ந்தாள். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே? எல்லார் வாயிலும் கொழுக்கட்டை, என் வாயிலும்தான். அதை நினைத்தால் இன்னும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரத்தோடுதான், 'கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது' என்று குறிப்பில் எழுதினேன். திரும்பப் பெற்ற கோரிக்கை ஆறு மாதத்துக்கு மறுபடி வர முடியாது என்பது எங்கள் நகர்மன்ற விதி. ஆறு மாதம் என்றால் அக்டோபர். கோடை போய்விடும், ஏரித் தண்ணீரில் கால் வைக்க முடியாது.

மறுநாள் ஆர்டிஸ் கத்ரா வீட்டுக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"அவங்களே குடுக்கறேன்னாங்களாமே. நீங்கதான் வேணாம்னீங்களாமே." கத்ரா உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஈடோ, நான் உங்கள எவ்வளவு நம்பியிருந்தேன்."

ஆர்டிஸ் அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவே மூன்று தடவைக் கணக்கை விளக்கினாள். கத்ராவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அப்ப ஏழு வருஷமா எங்க வீட்டுல சாப்பாட்ட வேணாம் வேணாம்னீங்களே, அதெல்லாம்?"

"நல்ல பசி," என்றாள் ஆர்டிஸ்.

"நான் தட்டுல தள்ளித் தள்ளி வெச்சதால பொழச்சீங்க. ஊர்ல வேற எவன் தள்ளுவான்?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். போன கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் படிப்பார்கள், தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம், திருத்திவிட்டால் விஷயம் உயிரோடுதான் இருக்கும். ஆனால் சொன்னவளே எழுந்து, எனக்கு வேணும் என்று சபையில் சொல்ல வேண்டும். ஆர்டிஸ் முகம் வெளுத்தது. பனிப்புயலில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"சொல்ல வெச்சிடலாம்," என்றாள் கத்ரா. உள்ளே போய்ச் சுடச்சுடச் சம்பூசாவோடு வந்தாள். அது அவர்கள் ஊர்ச் சமோசா. இறைச்சியும் பச்சை மிளகாயும் மணத்தது. "ஈடோ, வேணுமா?"

"இல்லம்மா, இப்பதான் காப்பி..."

தட்டு உள்ளே போய்விட்டது. பத்து நிமிஷம் கழித்து வந்தது.

"வேணுமா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்..."

மறுபடியும் உள்ளே போனது. மூன்றாம் தடவை, "இவ்வளவு சொல்ற, சின்னதா ஒண்ணு..." என்று இழுத்ததும் அப்படியே. எனக்கும் பசி. என்னிடம் அவள் கேட்கவே இல்லை. நாலாவது தடவை ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டு, "வேணும்," என்றாள்.

"எத்தன?"

"பாதி போதும்."

தட்டு கிளம்பியது. ஆர்டிஸ் எட்டி அதன் விளிம்பைப் பிடித்துவிட்டாள். "நாலு. நாலு வேணும்."

"இவங்களுக்கு?"

"ரெண்டு," என்றேன் நான் உடனே. பாடம் எனக்கும் ஏறியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து மன்றம் கூடியது. இந்தத் தடவை கத்ரா ஆலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு பதினெட்டுப் பெண்களோடு வந்து பின்வரிசையை நிரப்பியிருந்தாள். குறிப்பை நான் படித்து முடித்ததும் ஆர்டிஸ் எழுந்தாள்.

"அந்தக் குறிப்பு தப்பு. நான் வேணாம்னு சொன்னது வேணும்னுதான்."

மேயர் கையை உயர்த்தினார். "ரெண்டு வாரமா வீட்டுல எனக்குச் சோறு தண்ணி கெடைக்கல ஆர்டிஸ். மூணு தடவ கேக்கணுமாம், என் பொண்டாட்டி எழுதியே குடுத்துட்டா." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். "மொத தடவ. வேணுமா?"

"வேணும்."

மேயர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இருங்க, இன்னும் ரெண்டு தடவ பாக்கி இருக்கு."

"தேவையில்ல ரே. மொத தடவையே வேணும். திரையும் வேணும், பொம்பள காவலரும் வேணும்." அவள் கழுத்து செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. "கோடைக்கு முன்னாலயே வேணும்."

"இது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு," என்று யாரோ முனகினார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. ஆனால் வாக்கெடுப்பில் ஒரு கைகூட எதிராக எழவில்லை. பின்வரிசையில் எழுந்த குலவைச் சத்தத்தைக் குறிப்பில் எப்படி எழுதுவதென்று தெரியாமல், 'பார்வையாளர்கள் மகிழ்ந்தனர்' என்று எழுதி வைத்தேன்.

மே முதல் ஞாயிறு கண்ணாடிச் சுவருக்குத் திரை வந்தது. பத்தொன்பது பேர் தண்ணீரில் இறங்கினார்கள். முதல் நாள் கத்ரா சுவர்க் கம்பியை விடவே இல்லை. மூன்றாவது வாரம் மிதந்தாள். ஏழாவது வாரம் குளத்தின் நீளம் முழுக்க நீந்திப் போய், அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டு ஏதோ சோமாலியில் கத்தினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், என்னையும் ஈரத்தோடு கட்டிக்கொண்டார்கள்.

ஜூலையில் ஒரு நாள் ஏரிக்கரையில் நானும் ஆர்டிஸும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கத்ராவின் நாற்காலியில் அவள் செருப்பு மட்டும்தான் இருந்தது. ஆர்டிஸ் பழக்க தோஷத்தில் தண்ணீரைப் பார்த்து எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது தலை, நீளக்கை நீச்சலுடையில், கடைசிப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தது.

"ஈடோ, எறங்குறீங்களா?" என்று அங்கிருந்து கத்தினாள் கத்ரா.

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். ஆர்டிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, "வர்றேன்," என்று எழுந்து போனாள். கரையில் உட்கார்ந்து அஞ்சு வரை எண்ணினேன்.