பெட்டி பெட்டியாக வந்த மெசேஜ்

மதியம் ஆனால் போதும், கடையில் தொங்கும் ஹேண்ட்போன் கவர்களெல்லாம் சூடேறி ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து மீ கோரெங் நூடுல்ஸ் வறுபடும் வாசனை வேறு. இரண்டும் கலந்ததுதான் என் முதல் வேலையின் வாசனை...

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு சின்ன ஹேண்ட்போன் கடை. பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் இருக்கும். முதலாளியான சீனத் தவுக்கே ரிப்பேர் பார்ப்பார். நான் சாஃப்ட்வேர் நிபுணி. அந்தப் பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். இன்டர்நெட்டில் நாலு பக்கம் படித்த திமிர், வேறென்ன!

ஒரு நாள் புக்கிட் செலம்பாவிலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. போனின் பின்பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இதுல தமிழ் வரணும் லா. எல்லாம் பெட்டி பெட்டியா வருது."

திறந்து காட்டினார். நீளமான ஒரு மெசேஜ். தலையிலிருந்து கால்வரை வெறும் கட்டங்கள்.

"மக அனுப்புனது. சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போறேன்னா, வேணாம்னேன். சொல்லாம பஸ் ஏறிட்டா. கோவத்துல அவ ஃபோன் வந்தாலும் எடுக்கல நானு. அப்புறம் அவளும் கூப்புடல... இது வந்து மூணு வாரமாச்சு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிம்மா கூப்புடறது?"

"கம்ப்யூட்டர்ல போட்டு நான் படிச்சுச் சொல்லவாக்கா?"

"வேணாம். எம்மக எனக்கு எழுதுனது. நாந்தான் படிக்கணும்."

அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். தமிழ் எழுத்தைத் தவிர வேறு எழுத்து சரியாக ஓடாது. மகளுக்கும் அது தெரியும். அதனால்தான் தமிழில் எழுதியிருந்தாள்.

அப்போதெல்லாம் ஒரே மாடல் போனாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு வேறு வேறு ஃபர்ம்வேர். போனை நடத்தும் மென்பொருள் அது. எந்த மொழி எழுத்து தெரியும், எந்த லைன் பிடிக்கும் என்பதெல்லாம் அதில்தான் அடக்கம். வெர்ஷன் பெயருக்குள் நாட்டைக் காட்டும் சில எழுத்துகள் ஒளிந்திருக்கும். அக்கா போனில் இருந்தது மலேசிய வெர்ஷன். அதில் தமிழ் இல்லை.

நான் யோசிக்கவே இல்லை. தமிழா... அப்படியென்றால் இந்தியா! நம் ஆட்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். தீபாவளிப் புடவையும் சாமி படமும் அங்கிருந்துதானே வருகின்றன?

மெசேஜ்களைப் பத்திரமாக காப்பி எடுத்துவிட்டு இந்திய வெர்ஷனை ஏற்றினேன். நீலக் கோடு ஊர்ந்து முடியும்வரை அக்கா ஸ்டூல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். மெசேஜைத் திரும்பப் போட்டதும்... தமிழ்! முத்து முத்தாகத் தமிழ்!

அக்கா விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, வாய்க்குள்ளேயே படித்தார். பாதியில் நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"திட்டல லா... 'சொல்லாம வந்தது தப்புதான், ஒரு தடவ ஃபோன எடும்மா'ன்னு எழுதியிருக்கா."

அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். உடனே மகளின் நம்பரை அழுத்தினார்.

போகவில்லை.

திரையின் மேலே பார்த்தால் லைன் கோடு ஒன்றுகூட இல்லை. சிம்மைக் கழற்றிப் போட்டேன், போனை அணைத்துப் போட்டேன்... ம்ஹூம். அந்த வெர்ஷனுக்கு எங்கள் ஊர் லைன் பிடிபடவில்லை. மூன்று வாரம் காத்திருந்தவருக்கு, பேசத் துணிந்த நிமிஷத்தில் பேச முடியாமல் செய்துவிட்டேன். தவுக்கே மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

என் போனை நீட்டினேன். "இதுல பேசுங்கக்கா."

மகள் எடுத்தாள். அக்கா கேட்டார், "சாப்டியா?" அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. "கோவம்லாம் இல்ல கண்ணு... பெட்டி பெட்டியா வந்துச்சு, படிக்க முடியல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், படித்தும் அம்மா பதில் போடவில்லை என்றே அந்தப் பெண் நினைத்திருக்கிறாள்.

அவர்கள் பேசி முடிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. போனை வாங்கி, "உங்க ஃபோன் என்னா மாடல்?" என்று கேட்டேன்.

"அம்மாவோடது மாதிரியேதான். இங்க வந்து வாங்குனேன்."

அதே மாடல்! அவளுக்குத் தமிழும் வருகிறது, லைனும் வருகிறது. செட்டிங்ஸைத் திறந்து வெர்ஷனை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். சிங்கப்பூர் வெர்ஷன். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று, ஊரோ நம் நாட்டு எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், லைனும் கிட்டத்தட்ட நம்முடையது மாதிரியே. இவ்வளவு பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு நிபுணியான நான் கடல் தாண்டிப் போயிருந்தேன்.

அதை ஏற்றினேன். தமிழ் வந்தது. லைன் கோடுகளும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

அக்கா அங்கேயே நின்று மகளுக்கு ஒரு மெசேஜ் எழுதினார். ஒற்றை வார்த்தைதான், ஐந்து நிமிஷம் பிடித்தது. "வந்துச்சா?"

உடனே பதில்: "வந்துச்சும்மா."

இப்போது இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் தமிழ் கூடவே வருகிறது. நாம் வேறு வேலையில் இருக்கும்போதே அப்டேட் தானாக ஏறி முடிந்துவிடுகிறது. நல்ல காலம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நானே எதையாவது ஏற்றுவதற்கு முன்னால் அந்த நாட்டு எழுத்துகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு மட்டும் போகவில்லை... ஸ்டூல் நுனியில் ஒருவர் காத்திருப்பது போலவே இருக்கும்.

லெட்சுமி அக்காவுக்கும் ஒரு பழக்கம் போகவில்லை. போனை மாற்றினாலும் சரி, அப்டேட் முடிந்தாலும் சரி, மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மெசேஜ் பறக்கும். நேற்றுகூட வந்தது.

"வந்துச்சா?"

கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுதினேன். "வந்துச்சுக்கா."