குணேஸ்வரி விசாரித்த மாப்பிள்ளை

லிங்கநகரில் பெண்ணைப் பெற்றவர்கள் சாதகம் பொருந்தியதும் அடுத்ததாகப் போவது குணேஸ்வரியின் வீட்டுக்குத்தான். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. முப்பது வருடம் தபாற்கந்தோரில் இருந்தவள். மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனைக் கடையில் ஒரு சோடா குடிக்கிற நேரத்துக்குள், அவன் குடிப்பானா, கைநீட்டுவானா, கொழும்பில் எவளாவது இருக்கிறாளா என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். தனக்கு வந்த மூன்று சம்பந்தங்களையும் தானே விசாரித்துத் தானே தள்ளிவிட்டாள், அதனால்தான் ஐம்பத்தெட்டு வயதிலும் தனிக்கட்டை என்று ஊரில் பகிடி. அது பகிடி இல்லை, உண்மை.

அப்படிப்பட்டவளின் கைக்கு, ஆண்கள் இருவர் காதலிக்கிற தாய்லாந்துத் தொடர் ஒன்று வந்து சேர்ந்தது. கொரிய மாமியார் கதை முடிந்ததும் போனில் அது தானாகவே ஓடத் தொடங்கியது. நிறுத்தத்தான் கையை நீட்டினாள். அதற்குள் ஒருவன் மற்றவனுக்குக் குடை பிடித்து, தன் தோளை நனையவிட்டான்.

"இவன் என்னத்துக்கு நனையிறான்? இதில என்னவோ இருக்கு" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தால் தாய்லாந்து, தாய்வான், யப்பான் என்று ஒரே சுற்றுலாதான். தந்தி வாசித்துப் பழகிய கண்ணுக்குக் கீழே ஓடும் ஆங்கில எழுத்து ஒரு பொருட்டே இல்லை.

பார்த்தாளே தவிர, ஒன்றையும் நம்பவில்லை. அழுகிற நேரத்திலும் நூடில்ஸ் பெட்டியின் பெயர் நமக்குத் தெரியும்படி பிடிக்கிறானே, அது ஏன்? படிக்கிற பெடியனுக்குக் கடலைப் பார்த்த வீடு எங்கிருந்து வந்தது? பதினோராம் பாகம் வந்தால் ஒரு காரணமும் இல்லாமல் பிரிகிறார்களே, எழுதினவனுக்கு யார் மேல் கோபம்? எல்லாவற்றையும்விட அவளுக்குச் செமிக்காத விசயம் ஒன்று இருந்தது. இரண்டு பேர் மாதக்கணக்காக ஒரே அறையில் இருக்கிறார்கள், எதிர்வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. விசாரிக்க ஆளில்லாத ஊரும் ஒரு ஊரா? சுத்தப் புளுகு என்று சொல்லிக்கொண்டே அடுத்த பாகத்தைத் தட்டுவாள்.

இந்த நேரத்தில்தான் கனகசுந்தரம் வந்தார். மகள் பிரசாந்தினிக்கு ஒரு இடம் சரிவந்திருந்தது. மீன்பிடித் துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துகிற நிருபன்.

"பத்துக்கு எட்டுப் பொருத்தம் அக்கா. நீங்கள் ஒருக்கா விசாரிச்சுச் சொன்னா நாள் வைக்கலாம்."

இரண்டு நாள் சுற்றினாள். குடியில்லை, சண்டையில்லை, தாய் சொல் தட்டாத பிள்ளை என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னால் குணேஸ்வரிக்குச் சந்தேகம் கூடும். மூன்றாம் நாள் பின்னேரம் கடற்கரையில் அவனைக் கண்ணாலேயே கண்டாள். பட்டறையில் அவனோடு வேலை செய்கிற வினோதனும் பக்கத்தில் இருந்தான். இரண்டு பேரும் இறால் வடை வாங்கினார்கள். நிருபன் ஏதோ எஞ்சின் கதை கதைத்தபடியே, பாராமலே வினோதனின் வடையிலிருந்த இறால்களைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெறும் வடையை அவன் கையில் கொடுத்தான். வினோதனும் பாராமலே வாங்கிக் கடித்தான். அந்தக் கடற்கரையில் ஆடுமாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று எண்ணெய்க் கடதாசிக்கு மூக்கை நீட்ட, அதை மட்டும் இருவரும் சேர்ந்து விரட்டினார்கள்.

இதே காட்சியைக் குணேஸ்வரி போனில் நாற்பது தரம் பார்த்திருக்கிறாள். அங்கே தக்காளி, இங்கே இறால்.

அடுத்த நிமிடமே தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாவிட்டால் கூட்டாளி எடுத்துத் தின்னக் கூடாதா? கண்ட கண்ட தொடரைப் பார்த்துக் கண் கெட்டுப் போச்சோ? ஒரு வடைக்காக ஒருவனுடைய கலியாணத்தைக் குழப்புவதா? ஆனால் வடைதானே என்று விட்டு, அந்தப் பிள்ளை பிரசாந்தினி காலம் முழுக்கக் கண்ணீர் வடித்தால் அந்தப் பாவம் யாருக்கு?

மறுநாள் காலை பட்டறைக்கே போனாள். நிருபன் தனியாக இருந்தான்.

"தம்பி, உங்களுக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமோ?"

"அம்மாவுக்கு விருப்பம் அன்ரி."

"உங்களுக்கு?"

"அம்மா சொன்னாச் சரிதான்."

"வினோதன் என்ன சொல்லுறார்?"

நட்டுக் கழற்றுகிற சாவி கையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"நீங்கள் ஆர்?"

"பொம்பிளை வீட்டுக்காக விசாரிக்க வந்தனான்."

அவன் முகத்தில் வந்த பயத்தை அவள் எந்தத் தொடரிலும் கண்டதில்லை. அங்கே பயந்தாலும் தலைமயிர் கலையாது. இவனுக்கு உதடு வெளுத்துவிட்டது.

"ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி. அம்மா செத்துப்போவா."

அவளுக்கு இரக்கம் வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபமும் வந்தது. "அதுக்கு அந்தப் பிள்ளையைச் சாகடிக்கிறதோ? உங்கட பயத்துக்கு அவள் தாலிக்குக் கழுத்தை நீட்ட வேணுமோ?"

"சொல்லத்தான் பாத்தனான். ஏலாமப் போச்சுது" என்று அவன் அழுதான். குணேஸ்வரி தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஒரு மரியாதையான வழி உண்டு: சாதகம் பொருந்தவில்லை என்பது. அந்தக் கதவு ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. குடிகாரன் என்றால் பெடியனின் பெயர் கெடும். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் இந்த ஊரில் இருக்க இடமிராது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைக் கட்டு என்பார்கள். கலியாணத்தை நிறுத்துவதற்கு அவளுக்கு ஒரே ஒரு பொய்தான் கிடைத்தது. கனகசுந்தரம் வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணியை வைத்துவிட்டு அதைச் சொன்னாள்.

"தம்பி கனகசுந்தரம், நானும் மூண்டு நாள் திரிஞ்சனான். எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை."

"உங்களுக்கோ? பிடிபடேல்லையோ?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவையள் உங்களுக்கு ஏதும் சொந்தமோ அக்கா?"

"இல்லை."

"உங்களுக்கே பிடிபடாத இடத்துக்கு நான் எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?"

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார். சம்பந்தம் நின்றது. குணேஸ்வரிக்கு வயது போய்விட்டது, முந்தியைப் போல இல்லை என்று லிங்கநகர் முழுக்கக் கதை பரவியது. வீட்டுக்கு ஆள் வருவது நின்றது. அது அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. மத்தியானங்களில் போனைப் பார்த்து, "உங்களுக்கென்ன, விசாரிக்க ஆளில்லாத ஊர்" என்று அந்த இரண்டு பெடியன்களையும் ஏசினாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், தொடரை இடைமறித்துக்கொண்டு அழைப்பு வந்தது. கிளிவெட்டியிலிருந்து ஒரு தாய்.

"துறைமுகத்தடியில நிருபன் எண்டு ஒரு மெக்கானிக்காம் அன்ரி. மகளுக்குச் சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு. உங்களுக்கு இப்ப முந்தி மாதிரி ஏலாதெண்டு சனம் கதைக்குது, குறை நினையாதேங்கோ. விசாரிக்க வேற ஆரும் கெட்டிக்காரர் இருந்தாச் சொல்லுங்கோ."

குணேஸ்வரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேற ஒருத்தரிட்டையும் போகாதேங்கோ பிள்ளை. நானே விசாரிக்கிறன்."