எனக்கு இல்லாத வயிற்று வலி

குழந்தைகளே, நான் குருபரப்பள்ளியில் பயிர் வைப்பவன். போன வருஷம் எனக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போயிற்று. தூக்கம் இல்லை, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. என் மகள் லட்சுமி களத்தில் விழுந்து, முழங்கால் சிராய்ந்து அழுதபோதும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பாகலூரிலிருந்து என் மனைவியின் தம்பி வந்து, பெங்களூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். எனக்குக் கன்னடம் வராது. அவனே எல்லாம் சொன்னான். திரும்பும்போது பஸ்ஸில், "என்னன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"வயித்து வலின்னு சொன்னேன் மாமா. பைத்தியம்னு எழுதிட்டா நாளைக்கு லட்சுமிய எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

வயிற்று வலிக்குக் கொடுத்த மருந்தை ஒரு மாதம் குடித்தேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு அதே டாக்டரிடம் தனியாகப் போய், தமிழிலேயே உள்ளதைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தமிழ் நல்லாத் தெரியுமே! அன்னைக்கே வாயைத் தொறந்திருக்கலாமில்ல?" என்றவர், மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. மாதம் ஒரு தடவை போகிறேன். என் சங்கதியை நானே சொல்கிறேன். நீங்களும் உங்களுடையதை நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் லட்சுமி மறுபடி விழுந்தாள். எழுந்து போய்த் தூக்கினேன்.