பனியில் நின்ற நாற்காலி

ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர்கீப்பராக இருக்கிறேன். எங்கள் ரூமில் உள்ள கட்டில், மேஜை எல்லாமே ஊருக்குப் போனவர்கள் பில்டிங் வாசலில் விட்டுச் சென்றவைதான். வெளியே கிடந்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம்.

போன குளிர்காலத்தில் லீவு போட்டு, அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனேன். அவள் குடியிருப்பது அந்தக் காலத்தில் இத்தாலியர்கள் வந்து குடியேறிய தெரு. ஒரு நாள், சாலையோரம் பனியை அள்ளிச் சுத்தம் செய்திருந்த இடத்தில் ஒரு நாற்காலி தனியாக நின்றது. நல்ல நாற்காலியாயிற்றே என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

மாலையில் மகள் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ அப்பா! பக்கத்து வீட்டு அம்மா பனியை அள்ளிட்டு, கார் நிறுத்த இடம் பிடிச்சு வச்சது அது. இந்தத் தெருவுல யாரும் அதைத் தொட மாட்டாங்க."

நாற்காலியோடு ஓடினேன். அந்த இடத்தில் வேறொரு கார் நின்றது. டயாலிசிஸ் முடிந்து வந்த கணவரை, அடுத்த தெருவில் காரை விட்டுவிட்டு, அந்த அம்மா பனியில் கைத்தாங்கலாக நடத்தி வந்துகொண்டிருந்தார். பெரியவர் மூச்சு வாங்க அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது ஷார்ஜாவில் வாசலில் என்ன கிடந்தாலும், யாருடையது என்று வாட்ச்மேனிடம் கேட்காமல் தொடுவதில்லை.

"கிடக்கிறதை எடுக்கவும் பர்மிஷனாண்ணே?" என்று ரூமில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். அந்தப் பெரியவர் மூச்சு வாங்கியதை அவர்கள் கேட்கவில்லை.