தொடை எலும்பில் ஒரு வலி

நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் நான் நர்ஸ். தொடை எலும்பில் வலி தொடங்கியபோது யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் நோயாளிகள் பலருக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருந்தது. கணவர் கேட்டபோதுகூட, "நைட் டூட்டி அலுப்பு" என்று சமாளித்தேன்.

ஒரு காலை, சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்த நோயாளி அக்காவுக்கு ஊசி போடக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அவர் என் கையைப் பற்றினார்.

"எத்தன நாளா வலிக்குதுங்க?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"நானும் இதயேதான் சொல்லீட்டிருந்தனுங்க. பயந்துட்டு டெஸ்டே எடுக்கல. நீங்க எடுத்துருங்க, சாமி."

எடுத்தேன். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. மகளுக்குப் பின்னிய சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னினேன்.

விட்டமின் டி மிகக் குறைவு, வேறொன்றும் இல்லை என்றார் மருத்துவர். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் திரை போட்ட அறையில் தூக்கம். இந்த ஊர் வெயில்கூட என்மேல் படவில்லை.

"வெயில் பத்தலையாமுங்க்கா" என்று அக்காவிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. அவர் சிரித்தார்.

"அப்ப வெயிலுக்குப் போறப்ப என்னையுங் கூட்டீட்டுப் போங்க."

மறுநாள் டூட்டி முடிந்ததும் சக்கர நாற்காலியில் அழைத்துப்போனேன். வெயிலுக்கு முகத்தைக் காட்டி அவர் கண்மூடி இருந்தார். எனக்காகப் பயந்தது முடிந்திருந்தது. அவருக்காகப் பயப்படத் தொடங்கியது அந்த வெயிலில்தான்.